பிரையன் போட்டுக் கொடுத்த டிஸ்க்

செங், மலாக்கா
10 நவம்பர் 2024

அன்புள்ள அத்தானுக்கு,

நானும் பமேலாவும் நலம். போனில் பேசினால் இரண்டாவது நிமிடத்தில் சண்டை வருகிறது, எழுதினால் அடக்கமாகப் பேசுகிறோம் என்று நீங்கள் சொன்னது சரிதான். ஆகவே எழுதுகிறேன்.

நல்ல செய்தி. நம் மேசைக் கணினி பிழைத்துக்கொண்டது. காலையில் அதை முடுக்கிவிட்டு, உலை வைத்து, பமேலாவை ஸ்கூல் பஸ் ஏற்றிவிட்டு வந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்குமே, இப்போது அரை நிமிடத்தில் எழுந்துவிடுகிறது. பிரையன் செய்து கொடுத்தான். நம் கோயில் பாடகர் குழுவில் கீபோர்டு வாசிக்கும் பிரையன்தான். தீப்பெட்டி அளவு டிஸ்க் ஒன்று வெளியே வயரில் தொங்குகிறது. உள்ளே இருக்கும் பழைய டிஸ்க்கை விட்டுவிட்டு, கணினி இதிலிருந்து எழும்புகிறது. பெட்டியைத் திறக்கவே இல்லை. நீங்கள் ஒட்டிய டேப் அப்படியே இருக்கிறது.

பங்குனியில் நடக்கும் கல்யாணங்களுக்கு ஏழு பேர் என்னிடம் கார்டு அடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். இந்த வேகம் இல்லாவிட்டால் முடியாதென்று சொல்லியிருப்பேன். 'அடுத்த லீவுக்குப் பார்க்கிறேன்' என்று நீங்கள் சொல்லி இரண்டு வருடம் ஆகிறது. குறையாகச் சொல்லவில்லை. பிரையன் இருந்ததால் ஆயிற்று.

உங்கள்
பாட்ரீசியா

*

லஹாட் டத்து, சபா
18 நவம்பர் 2024

அன்புள்ள பாட்ரீசியாவுக்கு,

சந்தோஷம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். வரவில்லை.

உன் கடிதத்தில் அவன் பெயர் மூன்று இடத்தில் இருக்கிறது. என்னைத் தேடினால், இரண்டு வருடமாக ஏமாற்றுகிற ஆள் என்ற இடத்தில்தான் இருக்கிறேன். அவன் எத்தனை தடவை வந்தான்? பமேலா வீட்டில் இருந்தாளா? என் நாற்காலியிலா உட்கார்ந்தான்? தேத்தண்ணி கலக்கிக் கொடுத்தாயா?

இங்கே ஒரு செம்பனை எண்ணெய் ஆலையின் கரண்டு முழுவதும் என் பொறுப்பு. சார்ஜ்மேன் ஜெயராஜ் கை வைக்காமல் ஒரு சுவிட்ச் மாறாது. என் சொந்த வீட்டில் ஒரு கணினியை எழுப்ப கீபோர்டு வாசிக்கிறவன் வரவேண்டுமா? பொறாமைதான். மறைக்கவில்லை. ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

கிறிஸ்துமசுக்கு வருகிறேன். அந்த டிஸ்க்கை நேரில் பார்த்துக்கொள்கிறேன்.

ஜெயராஜ்

*

செங்
9 ஜனவரி 2025

அன்புள்ள அத்தானுக்கு,

சுகமாகப் போய்ச் சேர்ந்தீர்களா? பத்து நாள் இருந்தீர்கள், பத்து நாளும் அந்தக் கணினியை ஒரு விருந்தாளியைப் பார்ப்பது போலப் பார்த்தீர்கள். நான் கேட்டால் ஒன்றுமில்லை என்றீர்கள்.

நீங்கள் விமானம் ஏறிய மறுநாள் கணினியைத் திறந்தால் பழையபடி வட்டம் சுற்றுகிறது. டிஸ்க் இல்லை. மேசைக்கு அடியில், பமேலாவின் பையில், குப்பையில்கூடத் தேடிவிட்டேன். நவம்பருக்குப் பிறகு செய்த வேலை முழுவதும் அதில்தான் இருக்கிறது, ஏழு கல்யாணக் கார்டும். பழைய டிஸ்க்கில் இவை எதுவுமே இல்லை. மணியம் அண்ணன் மகளின் கார்டுக்காக லூபோக் சீனா ஊரிலிருந்து இரண்டு தடவை வந்து வெறுங்கையோடு திரும்பினார்.

நீங்கள் பார்த்தீர்களா? பார்த்திருந்தால் சொல்லுங்கள், கோபப்பட மாட்டேன்.

உங்கள்
பாட்ரீசியா

*

லஹாட் டத்து
15 ஜனவரி 2025

பாட்ரீசியா,

டிஸ்க் என்னிடம் இருக்கிறது. நான்தான் கழற்றிப் பெட்டியில் துணிக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்தேன்.

கரோல் பாடக் கோயில் பாடகர் குழு நம் வீட்டுக்கு வந்த அன்று அவனை வாசலில் நிறுத்தி, கம்ப்யூட்டரை நல்லா பண்ணிக் கொடுத்தீங்களாமே என்று கேட்டேன். அவன் திருதிருவென்று விழித்தான். "என்னா கம்ப்யூட்டர் அண்ணே? எனக்கு அதெல்லாம் ஒண்ணும் தெரியாதுலா" என்றான். செய்ததை ஏன் மறைக்கிறான்? மறைக்க வேறு என்னவோ இருக்கிறது என்று முடிவு கட்டினேன். அதற்கப்புறம் எனக்குத் தூக்கம் ஏது?

இங்கே வந்ததும் ஆலை ஆபீஸ் கணினியில் அதைச் செருகினேன். உன்னைப் பற்றி அவன் என்ன வைத்திருக்கிறான் என்று பார்க்கத்தான். இந்தக் கணினிக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை. பார்மெட் செய்யவா என்று கேட்டது. செய்தால் எல்லாம் அழியும் என்று தெரியும். உன் வேலை பழைய டிஸ்க்கிலும் இருக்கும், அவன் போட்டது மட்டும் ஒழியட்டும் என்று அழுத்திவிட்டேன்.

உன் கடிதம் மறுநாள் வந்தது. மன்னித்துவிடு. ஆனாலும் ஒன்று கேட்கிறேன். அவனை உனக்குப் பிடிக்குமா?

ஜெயராஜ்

*

செங்
22 ஜனவரி 2025

பமேலாவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வரும்வரை காத்திருக்கவில்லை. ஏழு கார்டையும் அவரவர் எழுதிக் கொடுத்த தாள்களைப் பார்த்து ஆறு நாளில் மறுபடி அடித்து முடித்தேன். புது டிஸ்க் ஒன்று வாங்கிப் போட்டாயிற்று. உங்களிடம் இருப்பதைத் திருப்பி அனுப்ப வேண்டாம்.

பிரையன் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறான். பாவம், அவனுக்கு அவன் கீபோர்டைத் தவிர வேறொன்றும் தெரியாது. நம் வீட்டுக்குள் அவன் வந்ததே அந்த கரோல் அன்றுதான், இருபது பேரோடு.

அதைச் செய்தது நான். டிஸ்க்கைக் கடையில் வாங்கினேன். மூன்று நாள் படித்தேன், வீடியோ பார்த்தேன். இரண்டு தடவை கணினி எழும்பவே இல்லை, அழுகை வந்தது. மூன்றாவது தடவை எழும்பியபோது தனியாக நின்று கைதட்டினேன்.

உங்களுக்கு எழுத உட்கார்ந்து 'நானே செய்தேன்' என்றுதான் முதலில் எழுதினேன். அப்போது போன வருடம் நடந்தது ஞாபகம் வந்தது. சமையலறை பிளக்கில் நான் பியூஸ் மாற்றினேன், நன்றாகத்தான் வேலை செய்தது. நீங்கள் லீவில் வந்து, அதைக் கழற்றி, அதே பியூஸை மறுபடி போட்டு முடுக்கினீர்கள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அதனால் என் பெயரை அழித்துவிட்டு அவன் பெயரைப் போட்டேன். ஒரு ஆம்பிளை செய்தான் என்றால் உங்களுக்கு வலிக்காது என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். பொய் சொன்னது என் தப்பு.

பிரையனைப் பிடிக்குமா என்று கேட்டீர்கள். இல்லை. இப்போது நான் ஒன்று கேட்கிறேன். நான்தான் செய்தேன் என்று முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தால், உங்களுக்குச் சாப்பாடு இறங்கியிருக்குமா? உண்மையைச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் எழுதவே வேண்டாம்.

பாட்ரீசியா

*

லஹாட் டத்து
2 பிப்ரவரி 2025

அன்புள்ள பாட்ரீசியாவுக்கு,

மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். மூன்றிலும் சாப்பாடு இறங்கியிருக்கும் என்று எழுதினேன், பொய்.

அவன் வரவில்லை என்று படித்ததும் அப்பாடா என்று இருந்தது. நீ செய்தாய் என்று அடுத்த வரியைப் படித்ததும் அந்த நிம்மதி போய்விட்டது. அவன் மேல் வந்த பொறாமையைவிட இது அதிகம். அவனையாவது திட்டலாம். உன்னை என்ன சொல்லித் திட்டுவேன், என்னைக் கேட்காமல் கற்றுக்கொண்டாய் என்றா? பியூஸ் அன்றும் அதேதான். நீ போட்டதில் தப்பே இல்லை. அது பொறுக்காமல்தான் கழற்றி மறுபடி போட்டேன்.

மார்ச்சில் லீவு கிடைத்திருக்கிறது. நீ கூப்பிட்டால் மட்டும் டிக்கெட் எடுக்கிறேன். எப்படிச் செய்தாய் என்று காட்டு. நடுவில் குறுக்கே பேசினால் என்னை வெளியே போய் நிற்கச் சொல். நிற்கிறேன்.

உன்
ஜெயராஜ்