பூடில் குட்டியின் ஒரே குறை

அன்புள்ள மகளுக்கு,

நாய்க்குட்டி எடுக்க என்னைக் கூப்பிடாமல் உன் மாமனாரைக் கூட்டிப்போனது தப்பு. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இங்கிலீஷ் நாய்ப் புத்தகம் படித்தவன் நான். திருவண்ணாமலையில் பாதிப் பேர் என்னிடம் காட்டித்தான் குட்டி எடுக்கிறார்கள். பூடிலுக்கு முடி அழகாய்த்தான் இருக்கும். முடிக்குள் கையை விட்டு எலும்பைப் பார்க்க அவருக்குத் தெரியுமா?

ஞாயிறன்று வேலூர் வந்தபோது, அவர் குளிக்கப் போன நேரத்தில் நான் பார்த்தேன். முதுகு நேராக இருக்கிறது. பின்னங்கால் வளையவில்லை. மேல்பல் கீழ்ப்பல்லுக்கு முன்னால் ஒட்டி நிற்கிறது. சாவிக்கொத்தைக் கீழே போட்டேன்; மிரண்டது, உடனே திரும்பி வந்து மோந்தது. தைரியமான குட்டி. ஒரு குறை தேடினேன், கிடைக்கவில்லை.

அவர் வந்ததும் என் மடியிலிருந்து குதித்து அவரிடம் ஓடியது. குணத்தில் அது குறைதான்.

"பாத்தீங்களா சம்பந்தி, நான் எடுத்த குட்டி!" என்றார்.

"எவ்ளோ அழகா எடுத்துட்டீங்கப்பா" என்றாய். நான் திரும்பிப் பார்த்தேன். நீ அப்பா என்றது அவரை.

காது முடியை நீ வாரம் ஒருமுறை சுத்தம் செய். பௌர்ணமிக் கூட்டத்துக்கு முன்னால் மாப்பிள்ளை குட்டியைக் கூடையில் வைத்து இங்கே கொண்டுவர வேண்டும். ஒரு மாதம் பழக்குவது என் வேலை. உன் மாமனார் வீட்டைப் பார்த்துக்கொள்ளட்டும். அவரை நீ மாமா என்று கூப்பிட வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா