நீங்கள் சொன்னதும் நான் சொன்னதும்

என் பிரியமான அப்பாவுக்கு,

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்கு இடம் கிடைத்துவிட்டது. டாக்டர் படிப்பில் இல்லை, அப்பா. பேச்சுப் பயிற்சிக்கான பட்டப்படிப்பில். பேச வராத குழந்தைகளுக்கும், உங்களைப் போல் பக்கவாதத்தில் பேச்சை இழந்தவர்களுக்கும் பயிற்சி கொடுக்கும் படிப்பு. திங்கட்கிழமைக்குள் சேர வேண்டும். சேர எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்பதுதான் தெரியவில்லை.

பன்னிரண்டாம் வகுப்பு முடிந்தது. எம்.பி.பி.எஸ்.ஸுக்கு என் மதிப்பெண் போதவில்லை. நீங்களோ ஃபேக்டரி நண்பர்கள் எல்லோரிடமும் "எம் பொண்ணு டாக்டராவா" என்று சொல்லி வைத்திருந்தீர்கள். கட்கி பஜாரில் அவர்களில் யாரையாவது பார்த்தால் நான் அடுத்த சந்துக்குள் நுழைந்துவிடுகிறேன்.

வேலூர் மாமா போனில் விடவே இல்லை. "பேச சொல்லிக் குடுக்கறதுக்கு ஒரு டிகிரியாம்மா? உங்க அம்மா அந்த வேலைய ஓசியிலயே செய்வாளே! பேசாம இன்னொரு தடவ பரீட்ச எழுது. இல்லன்னா பல் டாக்டருக்குப் போ." அம்மா பக்கத்து வீட்டில் விசாரித்துவிட்டு நர்சிங் என்றாள், மறுநாள் பிசியோதெரபி என்றாள். நான்தான் இந்தப் படிப்பில் பிடிவாதமாக நின்றேன். ஏன் என்று கேட்ட எல்லோரிடமும் உங்களைத்தான் சொன்னேன். அதுவும் பெருமையாக.

பல வருடங்களாகப் பேசிய மராத்தியும் ஹிந்தியும் ஒரே காலையில் உங்கள் வாயிலிருந்து போய்விட்டன. மிஞ்சியது கொஞ்சம் தமிழ். ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுத்த மராத்தி அக்காவுக்குத் தமிழ் தெரியாது. அதனால் பள்ளிக்கூடம் விட்டதும் பையோடு வந்து நான் நடுவில் உட்காருவேன். அக்கா படம் காட்டுவார், நீங்கள் தமிழில் சொல்வீர்கள், நான் அதை மராத்தியில் சொல்ல வேண்டும்.

சாவிப் படத்தைப் பார்த்து நீங்கள் "பூட்டு" என்றீர்கள். அக்கா என்னிடம் திரும்பி, "காய் ம்ஹணாலே பாபா?" என்று கேட்டார், அப்பா என்ன சொன்னார் என்று. நான் "சாவி" என்றேன். மாட்டைப் பார்த்து "பால்" என்றீர்கள். மாடு என்று சொல்லிவிட்டேன். அவ்வளவு கஷ்டப்பட்டு ஒரு வார்த்தையைக் கொண்டுவந்திருக்கிறீர்கள், கிட்டத்தட்டச் சரிதானே, அதற்குப் போய் தப்பு என்று போடுவார்களே என்று இருந்தது எனக்கு. இன்னொன்றும் உண்டு. அடுத்த பெஞ்சில் காத்திருந்தவர்கள் நம்மையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் அப்பா மாட்டைப் பால் என்று சொன்னது அவர்களுக்குத் தெரிய வேண்டாம் என்று நினைத்தேன்.

நேர்முகத் தேர்வில் இந்தக் கதையைத்தான் சொன்னேன். கண்ணாடி முன்னால் நின்று ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்துக்கொண்டு போயிருந்தேன். நூலகத்தில் மூளையைப் பற்றிப் படித்ததையெல்லாம் நடுநடுவே சேர்த்தேன். கடைசியில், "என் அப்பாவின் பதில்களை நான் சரிசெய்து சொல்வேன்" என்று முடித்துவிட்டு, பாராட்டுவார்கள் என்று காத்திருந்தேன்.

நடுவில் இருந்த பேராசிரியை கேட்டார்: "நீ சரிசெய்தபோது அப்பா என்ன செய்வார்?"

"என் கையைப் பிடித்துக்கொண்டு 'இல்ல, இல்ல' என்பார்."

"அதை அந்த அக்காவிடம் என்னவென்று சொன்னாய்?"

"அவருக்குக் களைப்பாக இருக்கிறது என்று."

சொல்லி முடித்த பிறகுதான், அப்பா, நான் சொன்னது என் காதிலேயே விழுந்தது.

பேராசிரியை தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். "சரியான பதில் படத்திலேயே இருக்கிறதே. எங்களுக்கு வேண்டியது அவர் சொன்ன பதில். அது தெரியாமல் எங்கே ஆரம்பிப்பது?" என்றார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

பெயர்களைச் சொல்லுவதில் நீங்கள் வேகமாகத் தேறுகிறீர்கள் என்று நம்பித்தானே அந்த அக்கா உங்களை முழு வாக்கியத்துக்கு மாற்றினார்? அது உங்களுக்கு வரவே இல்லை. பிறகு நீங்கள் போக மறுத்தீர்கள். உங்களுக்கு மராத்தி பேசத்தான் வரவில்லை, கேட்டால் புரிந்ததே. நான் ஒவ்வொரு முறையும் மாற்றிச் சொல்வதைக் கேட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தீர்களா? உங்களிடம் மிச்சமிருந்த ஒரே 'இல்ல'வையும் நான் களைப்பு என்று சொன்னபோது உங்களுக்கு எப்படி இருந்தது?

தேர்வானவர்கள் பட்டியலில் என் பெயரைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் துள்ளிக் குதித்தேன். அந்த ஒரு நிமிஷத்துக்காக இன்னும் கூசுகிறது.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் மேத்திக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது.

"அப்போ அவரு ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன்னு மல்லுக்கட்டுனது இதுக்குத்தானா?"

"தெரியலம்மா. இருக்கும்."

"சோம்பேறித்தனம்னு நெனச்சு நான் என்னென்ன சொன்னேன் அந்த மனுஷன!"

அதன் பிறகு அன்றைக்கு அவள் என்னோடு பேசவில்லை. மறுநாள் டிபன் தட்டை வைக்கும்போது, "சேந்துடு" என்றாள். "ஆனா ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கோ. எல்லார்கிட்டயும் கெட்டிக்காரின்னு பேர் வாங்கணும்னே இதுவரைக்கும் படிச்ச. அங்கயும் அதுக்குன்னு போறதா இருந்தா போகாத."

அம்மா என்னைத் தேற்றவில்லை. அதனால்தான் அவள் சொன்னதை நம்புகிறேன்.

சேருகிறேன், அப்பா. ஆனால் கல்லூரிக்குப் போவதற்கு முன்னால் அந்த ஆஸ்பத்திரிக்குப் போகப்போகிறேன். அக்காவிடம், "அப்பாவைப் பற்றி நீங்கள் எழுதியதெல்லாம் என்னுடைய பதில்கள், அவருடையவை அல்ல" என்று சொல்வேன். என்னை எப்படிப் பார்ப்பாரோ தெரியவில்லை. நீங்களே இல்லாதபோது உங்களுக்கு இனி அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை என்றும் தெரியும். ஆனால் இந்த ஊரில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் பேசுகிற அப்பாக்கள் எத்தனையோ பேர். இன்றைக்கும் அந்த மேஜையில் யாரோ ஒரு மகள் பள்ளிக்கூடச் சீருடையோடு நடுவில் உட்கார்ந்திருப்பாள். அப்பா தோற்றுவிடக் கூடாது என்று அவளும் நினைப்பாள். அவளை அக்கா முதலிலேயே எச்சரிக்க வேண்டும்.

நாளைக் காலையில் போகிறேன். இது சத்தியம்.

உங்களுக்காகப் பேசுவதாக நினைத்துக்கொண்டிருந்த,
உங்கள் மகள்
கோமதி