கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு போன பாப்பாக்காவுக்கு

என் பாப்பாக்கா,

நீ கர்த்தரிடம் போய் மூன்று மாதம் ஆகிறது. நம் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இன்னும் ஷெட்டுகள் எழும்பிக்கொண்டேதான் இருக்கின்றன. செங்கல் சுமக்கிற பெண்களின் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ள மெதடிஸ்ட் கோயில் கூடத்தை நீ திறந்து வைத்தாய். பாப்பாக்கா இல்லாமல் அது நடக்காது, மூடிவிடலாம் என்று கமிட்டியில் பேச்சு வந்தது.

உன்னோடு பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். மூணாவது படித்தவள் என்ன பேசுவேன்? நான் செய்த தப்பைத்தான் சொன்னேன்.

அது கத்திரி வெயில். லட்சுமியின் பிள்ளைக்குக் காய்ச்சல் கொதித்தது. துணி நனைக்கப் பாத்திரம் தேடினேன். ஞானஸ்நானக் கிண்ணம்தான் கையில் அகப்பட்டது. அதில் தண்ணீர் மொண்டு வந்து, நனைத்த துணியைப் பிள்ளையின் உச்சியில் வைத்தபோது லட்சுமி வாசலில் நின்றாள்.

"இன்னாக்கா பண்ற? எம்புள்ளைய வேதத்துல சேத்துட்டியா?"

"இல்லம்மா, ஜொரத்துக்கு..."

"ஜொரத்துக்குக் கோயில் கிண்ணமா? எங்கூட்டுக்காரு என்னைச் சும்மா உடுவாரா?"

மறுநாள் ஒரு பிள்ளையும் வரவில்லை. எல்லாம் மணல் குவியல் பக்கத்திலேயே கிடந்தன. சுண்ணாம்புக் குழியில் காலை விட்டதில் ஒன்றுக்குக் கால் வெந்துபோனது. நான் அழுதேன். நீ ஒரு வார்த்தை திட்டவில்லை. கிண்ணத்தை முந்தானையில் சுற்றிக்கொண்டு குடிசைகளுக்கு நடந்தாய். நான் பின்னாலேயே வந்தேன்.

"இந்தா லச்சுமி, இத்த நீயே வெச்சிக்கோ. உம்புள்ளைய இதுலயே குளிப்பாட்டு. நீ கேக்காம உம்புள்ளைக்கு நாங்க ஒன்னும் பண்ண மாட்டோம்."

"அப்ப உங்க சாமிக்கு?"

"அவருக்குச் சொம்பு போதும்டி."

அந்த ஞாயிறு போதகர் ஐயா சொம்பில்தான் ஞானஸ்நானம் கொடுத்தார். பெரியவர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். நீ கண்டுகொள்ளவே இல்லை. திங்கட்கிழமை லட்சுமி பிள்ளையோடு வந்தாள், இன்னும் நாலு பெண்களை இழுத்துக்கொண்டு.

இதைக் கமிட்டியில் சொல்லி முடித்தேன். கதவோரம் நின்றிருந்த லட்சுமி முன்னால் வந்தாள்.

"நான் செங்கல் வேலைய உட்டுட்டு எஸ்தர் அக்காகூட புள்ளைங்களப் பாத்துக்கறேன். ஆனா பொட்டு வெச்சிக்கினுதான் வருவேன், இப்பவே சொல்லிட்டேன்."

போதகர் ஐயா சிரித்துவிட்டார். "பூவும் வெச்சிக்கினு வாம்மா."

கூடம் நடக்கிறது அக்கா. லட்சுமி தாலாட்டினால் பிள்ளைகள் தூங்குகின்றன. நான் பாடினால் எழுந்துகொள்கின்றன. இந்தப் பேட்டையில் கல் சுமக்கிற தாய் ஒருத்தி இருக்கிற வரைக்கும் கூடத்துக் கதவைச் சாத்த மாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

சபையார் கூடி ஜெபிக்கிற சனிக்கிழமை வகுப்புக் கூட்டத்தையும் என்னையே நடத்தச் சொல்லியிருக்கிறார்கள். சுற்றி உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவரையும் பார்த்து, உன் ஆத்துமா எப்படியிருக்கிறது என்று நீ கேட்பாயே, அதை இனி நான் கேட்க வேண்டும். எங்கள் எல்லாரையும் கேட்டாய். உன்னை நாங்கள் ஒருநாளும் திருப்பிக் கேட்டதில்லை.

உன் ஆத்துமா எப்படியிருக்கிறது, அக்கா?

உன் ஓரகத்தி,
எஸ்தர்