செபத்தில் நிற்காத மின்விசிறி

ஞாயிறு, இரவு

நாட்டு மக்கள் அனைவருக்கும் அறியத்தருவது: இன்று மாலை எங்கள் பங்கு மண்டபத்தின் மின்விசிறிகள் செபம் முடியும்வரை சுற்றின.

அங்கே சென்சர் பூட்டியது ஜெனி அக்கா. அவளுடைய முதல் வேலை. ஆள் அசைந்தால் விசிறி சுற்றும். பத்து நிமிடம் அசைவில்லாவிட்டால் நின்றுவிடும். போன ஞாயிறு மௌன செபத்தின் நடுவே நின்றுவிட்டது. சனம் வியர்வையில் குளித்தது.

"பிள்ளை, செபிக்கிறாக்களை உன்ர மெசின் ஆக்களெண்டு எடுக்காதோ?" என்று மண்டபத்துக்குப் பொறுப்பான மரியதாஸ் அங்கிள் எல்லோர் முன்னாலும் கேட்டார். "வாற ஞாயிறும் நிண்டால் கழட்டுவம். அதுவரைக்கும் நீ தொடாதை."

அக்கா ஒரு கிழமையாக ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

"பயப்படாதை அக்கா, நான் ஆடிக் காப்பாத்துறன்" என்றேன். முன்வரிசையில் முழங்காலில் நின்று தலை சொறிந்தேன், நுளம்பு அடித்தேன், இருபது தடவை சிலுவை அடையாளம் போட்டேன். அத்தனை அசையாச் சொத்துகளுக்கு நடுவில் நான் ஒருவன்தான் அசையும் சொத்து. விசிறி நிற்கவேயில்லை. அப்பாடா!

"கழட்டத் தேவையில்லை" என்றார் அங்கிள். வரும் வழியில் அக்கா இரண்டு ரோல்ஸ் வாங்கித் தந்தாள். "நீ இல்லாட்டி என்ர பேர் கெட்டிருக்குமடா."

நான் கல்லாக நின்றிருந்தாலும், சனம் செபமாலை உருட்டும் அசைவிலேயே விசிறி சுற்றியிருக்கும். போன ஞாயிறு பகிடிக்குச் சென்சரின் கண்ணை மறைத்துப் பிளாஸ்டர் ஒட்டியவன் நான்தான். இன்று செபத்துக்கு முன் கதிரை அடுக்கும் சாட்டில் ஏணி வைத்து உரித்தவனும் நான்தான்.

அக்காவிடம் சொல்லவேண்டும். ரோல்ஸ் செமித்த பிறகு.