வெள்ளையாகவே கிடந்த உப்பு

அன்புள்ள மகள் அமுதவள்ளிக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அண்ணன் வேல்ராஜும் அவன் பிள்ளைகள் இரண்டும் கறவை மாடும் சுகம். உன் அண்ணி முத்துச்செல்வியைச் சுகம் என்று எழுதக் கை வரவில்லை, ஏன் என்று கீழே எழுதுகிறேன். நீ சுகமாக இருப்பதாகப் போனில் சொன்னாய், அதை நான் நம்பவில்லை. இந்தக் கடிதத்தை உன் கையில்தான் கொடுக்க வேண்டும், உன் மாமியார் கேட்டாலும் கொடுக்கக்கூடாது என்று நாக்பூருக்கு லாரி ஓட்டுகிற நம்ம ஊர் மாயகிருஷ்ணனிடம் சத்தியம் வாங்கி அனுப்புகிறேன். கதவைச் சாத்திக்கொண்டு படி. போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். நான் பேசினால் நீ ஸ்பீக்கரில் போடுகிறாய், உன் மாமியார் சங்கரம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து இருமுவது எனக்கு இங்கே கேட்கிறது. இரண்டு வருசமாகக் கேட்கிறது.

போன பங்குனி இருபத்திரண்டாம் தேதி நீ வீடியோவில் வந்தாய். நாள் தள்ளிப் போயிருக்கிறது என்று நல்ல சேதி சொன்னாய். சந்தோசம்தான், ஆனால் நான் சேதியைக் கேட்டுக்கொண்டே உன் முகத்தைத்தான் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே வீக்கம், கன்னம் ஊதிக் கிடக்கிறது, புருவத்தின் ஓரத்து முடி தேய்ந்துபோயிருக்கிறது, குரல் சளி பிடித்தவள் மாதிரி கரகரவென்று வருகிறது. நாக்பூர் வெயில் மண்டையைப் பிளக்கும் என்று மாப்பிள்ளை திருப்பதி இங்கே ஊருக்கு வந்த நேரமெல்லாம் சொல்லுவார், நீயோ சால்வையைக் கழுத்து மூடச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். எதையோ மறைக்கிறாய் என்றுதான் எனக்குப் பட்டது. கேட்டதற்கு, சும்மா குளிருதும்மா என்றாய். பின்னால் இருந்து சங்கரம்மாள், "பகல் பூரா படுத்துக் கிடந்தா குளிராம என்ன செய்யும், சோம்பேறித்தனத்துக்கு ஒரு சால்வை வேற" என்றாள். அந்த வார்த்தை எனக்குள் கிடக்கிறது. போன வருசம் உனக்கு மூன்றாம் மாசத்தில் கலைந்தபோது "அவிய வீட்டு வாகு அப்படி" என்று, நம் வம்சத்து உடம்பே சரியில்லை என்கிற மாதிரி சொன்னாளே, அதுவும் பக்கத்திலேயே கிடக்கிறது. அவள் உனக்குச் சரியாகச் சோறு போடவில்லை என்று முதலில் நினைத்தேன். சோறு இல்லாமல் உடம்பு எப்படி ஊதும் என்று யோசித்து, எதையாவது கலந்து கொடுக்கிறாளோ என்றும் நினைத்தேன். பெற்றவளுக்கு வரத்தானே செய்யும்.

இங்கே உன் அண்ணிக்கும் அதே கோலம். சித்திரை வெயிலில் கரிசல் காடு வெடித்துக் கிடக்கிறது, இவள் போர்வை கேட்கிறாள். அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துபோகிறாள். சீப்பில் கொத்துக் கொத்தாக முடி. மூன்று நாளைக்கு ஒரு தடவைதான் வெளிக்குப் போகிறாள், மாசக் குளியல் வந்தால் பத்து நாள் நிற்பதில்லை, கை காலெல்லாம் பொருக்கு. தின்பது என்னவோ கோழிக்குஞ்சு அளவு, எடை மட்டும் ஏறுகிறது. நடிக்கிறாள் என்று அக்கம்பக்கத்தில் சொன்னேன், ஒளித்துவைத்துத் தின்கிறாள் என்று அரிசிப் பானைக்குள் கையை விட்டுக்கூடப் பார்த்தேன். ஒன்றுமில்லை. வேல்ராஜ் அவளைக் கோவில்பட்டிக்குக் கூட்டிப் போனபோது நானும் ஏறிக்கொண்டேன், டாக்டரிடம் என்னைப் பற்றி என்ன சொல்கிறாள் என்று கேட்க வேண்டாமா. சத்யபிரியா என்று சின்ன வயசு டாக்டர். பின்னால் நின்று இவள் கழுத்தைத் தடவிப் பார்த்தாள், ஒரு மடக்குத் தண்ணீர் கொடுத்து விழுங்கச் சொன்னாள், தொண்டைக்குக் கீழே ஒரு மேடு ஏறி இறங்கியது என் கண்ணுக்கே தெரிந்தது. ரத்தம் எடுத்து, தைராய்டு என்றாள்.

அது கழுத்தில் இருக்கிற சுரப்பியாம். சுவரில் படம் மாட்டியிருந்தாள், எனக்கு இரண்டாக வெடித்த பருத்திக்காய் மாதிரி இருந்தது. அதில் ஊறுகிற நீர்தான் நெஞ்சுத் துடிப்பு, செரிமானம், உடம்புச் சூடு, புத்தி எல்லாவற்றையும் ஓடவைக்கிறதாம். குறைந்தால் எல்லாம் மந்தம். கூடிவிட்டால் நேர் எதிராக உடம்பு மெலியும், நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், சில பேருக்குக் கண் வெளியே பிதுங்கும். டி.எஸ்.எச். நம்பர் கூடியிருக்கிறது என்றதும் நல்லதுதானே என்று கேட்டேன். சிரித்தாள். சுரப்பி வேலை செய்யாதபோது மூளை போடுகிற அதட்டல்தான் அந்த நம்பராம், வேலைக்காரன் தூங்கத் தூங்க முதலாளி சத்தம் ஏறுகிற மாதிரி. பிறகுதான், வீட்டில் என்ன உப்பு என்று கேட்டாள். தூத்துக்குடி உப்பளத்துக் கல்லுப்பு, எங்கள் வீட்டில் பாக்கெட் உப்பு நுழைந்ததில்லை என்று பெருமையாகச் சொன்னேன். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். உப்பில் சேர்க்கிற அயோடின் இருந்தால்தான் சுரப்பிக்கு வேலை ஓடுமாம். உப்புதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன் என்றும் சொன்னாள், நிறையப் பேருக்கு உடம்பே அந்தச் சுரப்பியைப் பகையாளி என்று நினைத்து அடிக்குமாம். அது எனக்கு நன்றாகவே விளங்கியது.

இருந்தாலும் நான் நம்பவில்லை. செவ்வாய்க்கிழமை நர்ஸ் பிரேமலதா ஒரு சின்ன பாட்டிலோடு வந்தாள். அடுத்த வீட்டுப் பாக்கெட் உப்பில் ஒரு சொட்டு விட்டாள், ஊதா நிறமாகிவிட்டது. நம் உப்பில் விட்டாள், வெள்ளையாகவே கிடந்தது. பாட்டிலை மாற்றிவிட்டாய் என்றேன். "ஆச்சி, நீங்களே விடுங்க, எனக்கு இன்னும் நாலு வீடு கிடக்கு" என்று பாட்டிலை என் கையிலேயே கொடுத்துவிட்டாள். பானையின் மேலே, நடுவில், அடியில் என்று மூன்று இடத்தில் எடுத்து நானே விட்டேன். மூன்றும் வெள்ளை.

மறுநாள் நம் உப்புக்காரன், அந்தக் கடற்கரைப் பயல், மொபெட்டில் வந்தான். என்னை ஏமாற்றிவிட்டாயே என்று பிடித்துக்கொண்டேன். அவன் வண்டியை விட்டு இறங்கக்கூட இல்லை. "ஆச்சி, எங்க வீட்லயே பாக்கெட் உப்புதான் போடுதோம். இது கருவாட்டுக்கும் தோல் ஷாப்புக்கும் போறதுன்னு உங்ககிட்ட அப்பமே சொன்னேம்லா? உன் பொழப்ப நீயே கெடுக்காதலன்னு நீங்கதான என்ன ஏசினீய" என்றான். சொன்னான் அமுதா. நீ ஒன்பதாவது படித்த வருசம், ஐப்பசி, தூறல் விழுந்துகொண்டிருந்தது, அப்போது அவனிடம் சைக்கிள்தான், சாக்கின் மேல் மஞ்சள் பாலிதீன் மூடியிருந்தான். எல்லாம் ஞாபகம் இருக்கிறது. அதற்கு முந்தின மாசம்தான் நம் கடைக்காரர் சௌந்தரபாண்டியன் அண்ணாச்சி நாலு பேர் முன்னால், "அக்கா, அது மனுசன் திங்குத உப்பு இல்ல" என்று சொல்லி, அப்படியானால் நாங்கள் என்ன கருவாடா என்று கேட்டுவிட்டு வந்தேன். அன்றையிலிருந்து அவர் கடை வாசலை மிதிக்காமல் தீப்பெட்டிக்குக்கூட மெயின் ரோடு வரை நடந்திருக்கிறேன். ஊரில் யார் என்னை என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் மனசில் இருக்கிறது, அது சரியா தப்பா என்று மட்டும் ஒரு நாளும் பார்த்ததில்லை.

 உனக்குக் கல்யாணமான புதிதில் நான் அனுப்பிய உப்பைப் பிரித்துப் பார்த்துவிட்டு, இது நமக்கு ஆகாது, பாக்கெட் உப்பே போதும் என்று சங்கரம்மாள் சொன்னாள் இல்லையா. என் வீட்டு உப்பை வேண்டாம் என்றுவிட்டாள் என்று இரண்டு நாள் நான் சாப்பிடவில்லை. உன் பங்கை உப்பில்லாமல் தனியாக எடுத்து வைத்து நம் உப்பைப் போட்டுச் சாப்பிடு, அவள் முன்னால் தாழ்ந்துபோகாதே என்று உனக்குச் சொன்னது நான்தான். ஐந்து வருசமாக மாயகிருஷ்ணனிடம் நான் கொடுத்துவிடுகிற உப்பை நீயும் தனி ஜாடியில் வைத்துச் சாப்பிடுகிறாய். மாமியாருக்கு ஒன்றுமில்லை, மாப்பிள்ளைக்கு ஒன்றுமில்லை, அந்த வீட்டில் சால்வை போர்த்தியிருப்பது நீ ஒருத்திதான். அவள் எதைக் கலக்கிறாள் என்று நான் இங்கிருந்து தேடிக்கொண்டிருந்தேன்.

இப்போது நான் சொல்வதைக் கேள். ஜாடியைக் கவிழ்த்துவிடு. கடிதம் வந்த அன்றைக்கே டாக்டரிடம் போ, மறுநாள் என்று வைக்காதே. முதல் மூன்று நாலு மாசம் வயிற்றுப் பிள்ளைக்குச் சொந்தமாக அந்த நீர் ஊறாதாம், மூளை வளர்வதற்குத் தாயிடம் இருந்துதான் எடுக்குமாம், உனக்கு இரண்டாம் மாசம் முடியப் போகிறது. போன வருசம் கலைந்ததையும், அண்ணிக்கு இருப்பதையும், உப்புக் கதையையும் மறைக்காமல் சொல். அண்ணி மாத்திரையில் பாதியை உனக்கு அனுப்பட்டுமா என்று சத்யபிரியாவிடம் கேட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன், ஆளுக்கு ஆள் அளவு வேறாம், ரத்தம் பார்க்காமல் தொடக்கூடாதாம். உனக்கு மாத்திரை கொடுத்தால் விடிந்ததும் வெறும் வயிற்றில் பச்சைத் தண்ணீரில் விழுங்கு. முத்துச்செல்வி முதல் வாரம் காப்பியோடு விழுங்கி வீணாக்கினாள். காப்பிக்கு ஒரு மணி நேரம் கழியட்டும், இரும்புச் சத்து, சுண்ணாம்புச் சத்து மாத்திரைக்கு நாலு மணி நேரம் கழியட்டும். உடம்பு தேறிவிட்டது என்று நீயாக நிறுத்தாதே. பாக்கெட் உப்பு நல்லது என்று அள்ளிக் கொட்டவும் செய்யாதே, எப்போதும் போடுகிற அளவே போதும். உன் அண்ணியை நான் பழி சொன்ன வீடெல்லாம் போய், அவளுக்குத் தைராய்டு என்று சொல்லிவிட்டேன். நேற்று சௌந்தரபாண்டியன் கடைக்கும் போனேன். "மழதான் பெய்யப் போவுது" என்றார் மேலே பார்த்துக்கொண்டு. பெய்தால் பெய்யட்டும், இரண்டு பாக்கெட் உப்பைக் கொடுங்கள் என்றேன்.

இனிக் கதவைத் திற. இந்தக் கடிதத்தை உன் மாமியாரிடம் கொடு, அவளைப் பற்றி எழுதியிருக்கிற இடத்தையும் சேர்த்தே படிக்கட்டும். சம்பந்தியம்மா, நீங்கள் அன்றைக்கு உப்பைப் பற்றிச் சொன்னது சரி. நான் கேட்கவில்லை. அவள் படுத்துக் கிடப்பது சோம்பல் இல்லை, நானும் என் மருமகளை அப்படித்தான் சொன்னேன். இன்றைக்கே நீங்களே அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள், உங்கள் கையால் உங்கள் வீட்டு உப்பைப் போட்டு அவளுக்குச் சோறு போடுங்கள். வாகு என்று சொன்னீர்களே, அதை நான் மறக்கவில்லை. பிள்ளைக்குப் பெயர் வைக்கிற அன்றைக்கு நேரில் வந்து கேட்டுக்கொள்கிறேன்.

அமுதா, செண்பகவல்லித் தாய் உன்னையும் வயிற்றில் இருப்பதையும் காப்பாற்றுவாள். மாயகிருஷ்ணனிடம் இந்தத் தடவை கடம்பூர் போளி மட்டும்தான் கொடுத்துவிட்டிருக்கிறேன், வேறு பொட்டலம் இல்லை. ரத்தம் கொடுத்துவிட்டு வந்ததும் போன் போடு. ஸ்பீக்கரிலேயே போடு.

உன் அம்மா
வெயிலுகந்தாள்