அப்பாவுக்கு வைத்த தட்டு

அன்புள்ள அக்கா,

கவுஞ்சி கிராமத்துக் காய்கறிக்காரர் இறக்கிவிட்டுப் போன பீட்ரூட்டை இன்று வேகவைத்தேன். வீடெல்லாம் அந்த மண்வாசனை. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் உங்கள் அடுப்படியில் இதே வாசனைதான் அடிக்கும். "சாம்பார் வைக்கத் தெரியாத வெள்ளக்காரி" என்று உங்களைக் கேலி செய்துகொண்டே, ஒத்தாசைக்கு வந்த நான் தோல் உரிப்பேன். நீங்கள் இல்லாமல் வருகிற முதல் கிறிஸ்துமஸ் இது. கோபமாக வருகிறது, அக்கா.

அன்று மேசையில் எப்போதும் ஒரு தட்டு கூடுதலாக இருக்கும். எதிர்பாராமல் வரும் விருந்தாளிக்கு அப்படி வைப்பது உங்கள் போலந்து நாட்டு வழக்கம் என்பீர்கள். ஆனால் உங்களுக்கு அது அப்பாவின் தட்டு. இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும், போலந்து ராணுவ அதிகாரியான அவரை ரஷ்யப் படை பிடித்துக்கொண்டு போனது. அம்மாவையும் சிறுமியான உங்களையும் ரயிலேற்றிக் கண்காணாத குளிர்ப் பிரதேசத்துக்கு அனுப்பியது. பிழைத்து, ஈரான் வழியாக இந்தியா வந்து, கடைசியில் இந்தக் கொடைக்கானலில் ஒதுங்கினீர்கள். போர் முடிந்தபோது உங்கள் ஊரே ரஷ்யாவோடு போய்விட்டது. அப்பா எங்கே என்று கேட்டால் மாஸ்கோ வாய் திறக்கவில்லை. அதற்குத் தலையாட்டிக்கொண்டிருந்த போலந்துத் தலைநகர் வார்சாவும் திறக்கவில்லை.

ஒரு வருஷம் அதே நாளில், விளக்கு வைக்கிற நேரம், கொட்டுகிற மழையில் ஒருவன் கதவைத் தட்டினான். கார் நின்றுவிட்டதாம், டிரைவர் மெக்கானிக்கைத் தேடிப் போயிருந்தான். அவன் பேச்சைக் கேட்டதுமே உங்கள் முகம் வெளுத்தது. "ரஷ்யாக்காரன்" என்றீர்கள்.

"போகச் சொல்லுங்கக்கா! வேற எங்கிட்டாவது போயி நிக்கட்டும்" என்று கத்தினேன்.

நீங்கள் அவன் பாஷையிலேயே ஏதோ சொல்லி உள்ளே கூட்டிவந்தீர்கள். தலை துவட்டத் துண்டு கொடுத்து, அந்தத் தட்டின் முன்னால் உட்காரவைத்தீர்கள். பரிமாறும்போது பீட்ரூட் சூப் மேசைவிரிப்பெல்லாம் சிந்தியது.

அவன் போனதும் எனக்குப் பொறுக்கவில்லை. "ஒங்க அப்பா தட்டுல போயி அவனுக்கா? கிறுக்குப் பிடிச்சிருச்சாக்கா ஒங்களுக்கு?"

"எங்க அப்பா இந்நேரம் ரஷ்யாவுல எவன் வீட்டு வாசல்ல நிக்கிறாரோ," என்றீர்கள். "அவங்க கதவத் தொறக்க வேணாமா?"

பல வருஷம் கழித்துத்தான் மாஸ்கோ உண்மையை ஒப்புக்கொண்டது. நீங்கள் ரயிலில் போய்க்கொண்டிருந்த நாட்களிலேயே, பிடித்துக்கொண்டு போன அதிகாரிகளைச் சுட்டுப் புதைத்துவிட்டார்களாம். உங்கள் அப்பாவும் அவர்களில் ஒருவர். நான்தான் ஓவென்று அழுதேன். அந்தக் கிறிஸ்துமஸுக்கும் நீங்கள் தட்டு வைத்தீர்கள்.

இப்போது மழையில் யார் கதவைத் தட்டினாலும், "யாரு?" என்று கேட்பதற்கு முன்பே என் கை தாழ்ப்பாளை எடுத்துவிடுகிறது. மகன் திட்டுகிறான். திட்டட்டும்.