தேவிக்கு நகம் முளைக்காத காரணம்

12.8.2009, திண்டிவனம்

என் மகள் தேவிக்குப் பிறவியிலேயே நகம் இல்லை. ஏன் என்று இன்று ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிட்டது.

"உங்க ரெண்டு பேர்கிட்டயும் இந்தக் கோளாறு மறைஞ்சி இருக்குது. அக்கா பொண்ணையே கட்டிக்கினீங்க, கொழந்தைக்கு வெளிய வந்துட்டுது" என்றார் டாக்டர்.

மனைவியின் அண்ணன் மகனுக்குத்தான் தேவியைப் பேசி வைத்திருக்கிறோம். அவனிடமும் இது மறைந்திருக்கலாம், ரத்தத்தைப் பார்த்துவிடுங்கள் என்றார் டாக்டர்.

பஸ்ஸில் மனைவி அழுதாள். "பாக்கவே வேணாம் மாமா. அவனுக்கும் இருந்துட்டா கல்யாணத்த நிறுத்திப்புடுவாங்க. வெளியில எவன் கட்டுவான்?"

வேர்க்கடலை மண்டியில் ஒரு சொத்தை மல்லாட்டை வந்தால் மூட்டையையே திருப்பி அனுப்புகிறவன் நான். ரிப்போர்ட்டை மடித்துப் பைக்கு அடியில் வைத்தேன்.

வாசலிலேயே தேவி கேட்டாள். "காரணம் தெரிஞ்சிட்டுதாப்பா?"

"இன்னும் இல்லம்மா."

"போவுது வுடுப்பா. கல்யாணத்துக்கு நெயில் பாலிஷ் செலவு மிச்சம்" என்று சிரித்தாள்.

நானும் சிரித்து வைத்தேன்.